தட்டிப் பார்த்தால் தெரியும்

என் சட்டைப் பையில் பழைய ஒரு வெள்ளிக் காசு, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், எப்போதும் கிடக்கும். பொன்னிறத்தில் இருக்குமே, அது. சிங்கப்பூரில் புதுக் காசு வந்து பல வருடம் ஆகிவிட்டது. கேன்டீனில் சில்லறை இல்லாமல் திண்டாடிய நாளிலும் இதை மட்டும் எடுத்து நீட்டியதில்லை. இது என் தொழில் கருவி.

குழாயின் மேலோ இரும்புத் தகட்டின் மேலோ ஒட்டிய காம்போசிட் (பசையில் நனைத்த இழைத் துணி) காய்ந்து இறுகிய பிறகு, இந்தக் காசால் அதன்மேல் தட்டிக்கொண்டே போவேன். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நன்றாகப் பிடித்த இடத்தில் ‘ணங்’ என்று கூர்மையாகக் கேட்கும். அடியில் ஒட்டாமல் நிற்கும் இடத்தில் அதே தட்டு ‘டொப்’ என்று விழும். சந்தையில் அம்மா பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவாரே, அதே வித்தைதான். வெப்பப் படம் எடுக்கும் கேமரா, அல்ட்ராசோனிக் என்று விலை உயர்ந்த சாமான்களும் எங்களிடம் உண்டு. வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் அவற்றின் படம்தான் இருக்கும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் எல்லோரும் என் சட்டைப் பையைத்தான் பார்ப்பார்கள்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் பாதி, கடலில் நிற்கும் கப்பல்களில் பாதி என்று இந்த வேலையில் எனக்கு 14 வருடம். துகள்களை வேகமாகப் பீய்ச்சி இரும்பின் துருவை உரிக்கும் பிளாஸ்டிங் வேலைக்கு ஹெல்ப்பராக வந்தேன். இப்போது காம்போசிட் ரிப்பேர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஊரில் யாராவது ‘என்ன வேலைப்பா?’ என்று கேட்டால் சொல்வது சிரமம். அரித்துப்போன இரும்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பதற்குப் பதிலாக, கார்பன் இழைத் துணியையோ கண்ணாடி இழைத் துணியையோ எபாக்ஸிப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவோம் என்று விளக்குவேன். ‘பஞ்சர் ஒட்டுற மாதிரியா?’ என்று சிரிப்பார்கள். கிண்டலாகச் சொன்னாலும் அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபை எவ்வளவு நேரம் தேய்க்கிறார், சொல்யூஷன் போட்டபிறகு அந்த இடத்தில் விரல் படாமல் எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று கவனித்தவர்களுக்கு என் தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வெல்டிங் என்றால் ஒரே நாளில் முடியுமே, எதற்கு இந்தத் துணியும் பசையும் என்று நானும் முதலில் கேட்டிருக்கிறேன். எஃப்.பி.எஸ்.ஓ. என்று ஒரு வகைக் கப்பல். எண்ணெய் வயலுக்கு மேலேயே 15, 20 வருடம் நகராமல் நின்று, கீழிருந்து வரும் கச்சா எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும். மற்ற கப்பல்களைப் போல நினைத்தபோது டாக்குக்குக் கொண்டுவர முடியாது. அதன் மேல்தளத்தில் இரண்டு கையகலத்துக்கு அரிப்பு. தகட்டுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி. அங்கே ஹாட் வொர்க், அதாவது வெல்டிங் மாதிரி நெருப்பு வேலை, செய்ய வேண்டுமென்றால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், கழுவ வேண்டும், காற்று செலுத்தி, உள்ளே எரியும் வாயு இல்லை (கேஸ் ஃப்ரீ) என்று சான்று வாங்க வேண்டும், ஃபயர் வாட்ச் ஆள் நிறுத்த வேண்டும். இரண்டு கையகலத்துக்காக இத்தனை பாடு. பசையில் நெருப்புப் பொறி இல்லை. அதனால்தான் கப்பல் தர நிறுவனமான டி.என்.வி., 2012-இல் இரும்புக் கட்டமைப்புகளை ஒட்டிச் சரிசெய்வதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குழாய்களுக்கு ஐ.எஸ்.ஓ. 24817 இருக்கிறது. இன்றைக்கு இது யாரோ ஓட்டை அடைக்கும் குறுக்கு வழி இல்லை. கணக்குப் போட்டு, ஆயுட்காலம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வேலை.

என் கையெழுத்து ஒன்று பொய்த்த கதையைச் சொல்கிறேன்.

தீயணைப்புக்குக் கடல் நீர் போகும் 12 அங்குலக் குழாய் அது. தாங்கியின் மேல் உட்காரும் இடத்தில், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தங்கி, யார் கண்ணுக்கும் படாமல் அடிப்பக்கம் அரித்திருந்தது. ஒன்பதரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சுவர் ஓரிடத்தில் நாலுதான் இருந்தது. காலையில் பிளாஸ்டிங் முடித்தோம். எஸ்.ஏ. இரண்டரை என்பது நாங்கள் எல்லோரும் சொல்லும் அளவு. கிட்டத்தட்ட வெள்ளை உலோகம், பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. எங்கள் ஃபோர்மேன் அண்ணன் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. மேகம் கூடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று போனோம்.

திரும்பி வந்தபோது அந்தச் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு மஞ்சள் ஏறியிருந்தது. வெயில் அப்படி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெயிலே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. வாடிக்கையாளரின் ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளங்களில் புட்டிப் பசை அடைத்தோம், துணியை நனைத்தோம், சுற்றினோம். மறுநாள் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘ணங்’. கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து அதே கப்பலுக்குப் போனபோது குழாயின் அடிப்பக்கம் ‘டொப்’ என்றது. கையை விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு இடம். ஃபோர்மேன் அண்ணன் ஒன்றும் பேசாமல் என் கையில் உளியைக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். வாழைமட்டை உரிவதுபோல மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிங் போட்ட ஒவ்வொரு குழியையும் எபாக்ஸி அச்செடுத்ததுபோல அப்படியே வாங்கியிருந்தது. அந்த அச்சு முழுக்க மெல்லிய பழுப்புப் பொடி, காப்பித்தூள் தூவியது மாதிரி.

“தம்பி, நீ இரும்புல ஒட்டல. துருவுல ஒட்டியிருக்கே” என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். குழாய்க்குள் ஓடும் கடல் நீர் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சி. குளிர்ந்த சோடா பாட்டில் வியர்க்குமே, அப்படிக் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கிறது, அதுவும் அடிப்பக்கம் அதிகமாக. புதிதாகத் தோலுரித்த இரும்புக்கு அந்த ஈரம் போதும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பால பாடம். காலையில் அளந்தேன், சரியாக இருந்தது. சாப்பிட்டு வந்த பிறகு அளக்கவில்லை. இப்போதெல்லாம் பிளாஸ்டிங் முடிந்தால் நாலு மணி நேரத்துக்குள் பசை ஏற வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை பனிநிலை எழுத வேண்டும் என்று நான் கத்துவதைப் பார்த்துப் புதுப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். கார்பன் ஃபைபர் என்றதும் எல்லோரும் அதன் பலத்தைத்தான் பேசுகிறார்கள். அதே கனத்துக்கு இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு எடை, இழுத்தால் சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பலம் இரும்புக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் பசை வழியாகத்தான் போக வேண்டும். கான்கிரீட்டில் கார்பன் பட்டை ஒட்டினால் கடைசியில் கான்கிரீட்டின் தோல்தான் பிய்யும், பசை தாங்கிவிடும். இரும்பு அப்படிப் பிய்ந்து கொடுக்காது. எனவே பிய்வதெல்லாம் பசையிலோ பசை இரும்பைத் தொடும் இடத்திலோதான்.

இதில் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த விஷயம் நீளம். நாலு அடிப் பட்டை பிடிக்கவில்லை என்றால் எட்டு அடி ஒட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். அது உதவாது. பட்டைக்கும் இரும்புக்கும் இடையே விசை மாறுவது ஓரத்தில் இருக்கும் சில அங்குலங்களில்தான். நடுவில் இருக்கும் பசை கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. ஓரம் விட்டுக்கொடுத்தால் அடுத்த சில அங்குலம் ஓரமாகிறது, அப்புறம் அதற்கடுத்தது. ஜிப் திறப்பது மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அடுக்குகளை ஒரே இடத்தில் வெட்டி முடிக்காமல் படிப்படியாகக் குறைத்துச் சரிவாக முடிக்கிறோம். புதுப் பையன்கள் அந்தச் சரிவை அழகுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கார்பனுக்கு இன்னொரு குணம், அது மின்சாரத்தைக் கடத்தும். கார்பனும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தேய்வது இரும்பு. காப்பாற்ற ஒட்டியதே அரிக்கும். எனவே முதல் அடுக்கு எப்போதும் கண்ணாடி இழை, அதன்மேல்தான் கார்பன். மெல்பர்னில் விமான ஆராய்ச்சிக்கூடத்தில் ஆலன் பேக்கர் குழுவினர் 1970களில் போர் விமானங்களின் அலுமினிய விரிசல்களுக்கு ஒட்டுப் போட்டபோது கார்பனை விட்டுவிட்டு போரான் இழைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மிராஜ் விமான இறக்கைகளில்கூட ஒட்டினார்கள். பஞ்சர் ஒட்டிய இறக்கையோடு ஒருவர் பறந்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

வெயில் தனிக் கதை. வெட்டவெளியில் ஒட்டித் தானாக இறுகும் எபாக்ஸிகள் பெரும்பாலும் 50, 60 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். நம் பக்கத்து வெயிலில் கறுப்புத் தகடு எவ்வளவு சுடும் என்று செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு இரும்பு சூட்டில் விரியும், கார்பன் கிட்டத்தட்ட விரியாது. ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் பசை நடுவில் இழுபடுகிறது. ஐரோப்பிய அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த மார்ச் மாதத்தில் அவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

சரி, பெரிய பாலங்களுக்கு வருவோம். ஒரு பாலத்தைப் பற்றிப் படித்ததுதான் இதை எழுதவே காரணம்.

ஸ்விட்சர்லாந்தில் எம்பா என்று ஒரு பொருள் சோதனை நிலையம் இருக்கிறது. (பெயரைக் கேட்டால் எனக்கு மார்கழி நினைவு வருகிறது, என்ன செய்ய.) பாலங்களில் கார்பன் பட்டை ஒட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. லூசெர்ன் அருகே இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்கு மாட்டத் துளை போட்டவர்கள், தெரியாமல் உள்ளே இழுத்துப் பூட்டியிருந்த கம்பிகளை அறுத்துவிட்டார்கள். 1991-இல் அதைச் சரிசெய்ய இரும்புத் தகடு ஒட்டுவதென்றால் 175 கிலோ வேண்டும். ஊர்ஸ் மையர் குழு ஒட்டிய கார்பன் 6.2 கிலோ. அரிசிக் கடையிலிருந்து ஒரு கையில் தூக்கி வரும் எடை. தூக்கி மேடை ஒன்றின் மேல் ஏறி நின்று இரவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் அது கான்கிரீட் பாலம். இரும்புக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கணக்கு இப்படி வருகிறது. இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல் சொச்சம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்பன் பட்டை ஏறக்குறைய 165. உத்தரத்தின் அடித்தகடு 20 மில்லிமீட்டர் கனம், பட்டை 1.4 மில்லிமீட்டர். ஒரே அகலம் என்று வைத்துக்கொண்டால், வரும் பளுவில் பட்டை வாங்குவது நூற்றுக்கு ஐந்து பங்கு சொச்சம்தான். மீதி 95-ஐயும் பழைய கிழட்டு இரும்புதான் சுமக்கிறது. இன்னும் விறைப்பான கார்பன் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப. இங்கிலாந்தில் நியூபோர்ட் பாக்னெல் ஊரில் 1810-இல் கட்டிய டிக்ஃபோர்ட் வார்ப்பிரும்புப் பாலத்தில் கார்பன் ஒட்டியிருக்கிறார்கள். அது இன்னும் வண்டிகளைச் சுமக்கிறது. வார்ப்பிரும்பு இழுவிசைக்குப் பலவீனம் என்பதால் அங்கே சிறு பங்குகூடப் பெரிய உதவி.

அந்த ஐந்து பங்கும் முழுசாக இல்லை என்பது அடுத்த ஏமாற்றம். பாலம் தன் எடையை ஏற்கெனவே சுமந்துகொண்டு நிற்கும்போதுதான் நாம் போய் ஒட்டுகிறோம். தலைச்சுமையோடு நடப்பவர் பக்கத்தில் போய்ச் சுமையில் கை வைத்துக்கொண்டு கூடவே நடப்பது மாதிரி. கை சும்மா இருக்கும். புதிதாக ஏதாவது ஏற்றினால் அதில் மட்டும் நம் கைக்குக் கொஞ்சம் கிடைக்கும். பழைய சுமையில் உண்மையாகவே பங்கு வேண்டுமென்றால் கையால் மேல்நோக்கி அழுத்த வேண்டும். அதாவது பட்டையை முன்கூட்டியே இழுத்து முறுக்கிப் பூட்ட வேண்டும். முறுக்கிய பட்டையை ஒட்டினால் ஓரத்துப் பசையின் பாடு இன்னும் மோசம். ராத்திரி பகலாக உரித்துக்கொண்டு போகவே பார்க்கும்.

இனி மூன்ஷென்ஸ்டைன். பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் பிர்ஸ் என்ற சின்ன ஆற்றின் மேல் ரயில் பாலம். 1875-இல் அங்கே முதல் பாலத்தைக் கட்டியது குஸ்தாவ் ஈஃபெலின் கம்பெனி, ஆமாம், கோபுரக்காரர்தான். 1891 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. பாசலிலிருந்து கூட்டம் நிரம்பி வந்த ரயில் அதன்மேல் ஏறியபோது பாலம் விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றுவரை அந்த நாட்டின் மிக மோசமான ரயில் விபத்து அதுதான். காரணம் தேடப் போனவர்களில் ஒருவர் லுட்விக் டெட்மாயர், சூரிச்சில் இருந்த பொருள் சோதனை நிலையத்தின் தலைவர். அமுக்கும் விசையில் கம்பிகள் எப்போது வளைந்து நொடிக்கும் என்று அதுவரை நம்பிய சூத்திரம் குட்டையான கம்பிகளுக்குப் பொருந்தாது என்பதை அவர் சோதனைகளால் காட்டினார். மறு வருடமே அந்த நாட்டில் பாலங்களுக்கு விதிமுறை வந்தது. அதே வருடம், 1892-இல், அதே இடத்தில் புதுப் பாலமும் வந்தது.

டெட்மாயர் இருந்த அந்தச் சோதனை நிலையம்தான் பிறகு எம்பா ஆனது.

புதுப் பாலத்துக்கும் வயதாகி 120 தாண்டியது. தினமும் ரயில்கள் ஓடி ஓடி, குறுக்கு உத்தரங்களில் களைப்பு விரிசல் வருமோ என்ற கவலை வந்தது. அதைப் பலப்படுத்த வந்தவர்கள் எம்பாவின் எலியாஸ் கஃபூரி, மசூத் மொதவல்லி குழுவினர். உத்தரம் முழுக்க ரிவெட் ஆணித் தலைகள். பட்டை ஒட்டச் சமதளம் ஒரு சாண்கூடக் கிடையாது. வெல்டிங் அடிக்கலாம் என்றால் அந்தக் காலத்து இரும்பு வெல்டிங்குக்குப் பெயர் போனதல்ல. ரிவெட்டைக் கழற்றித் துளை போடுவது பழைய பாலத்துக்குச் செய்யும் துரோகம்.

அவர்கள் பசையையே விட்டுவிட்டார்கள். உத்தரத்தின் அடித்தகட்டை இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகளை போல்ட் போட்டு இறுக்கினார்கள், உராய்வு ஒன்றையே நம்பி. அந்தக் கவ்விகளுக்கு இடையே கார்பன் பட்டைகள். பட்டைகள் ரிவெட்டைத் தொடவே தொடாது, தள்ளியே நிற்கும். நடுவில் பட்டையை உத்தரத்திலிருந்து கீழே தள்ளித் தாங்கி கொடுத்தால், வில்லில் நாண் ஏறுவதுபோல அது முறுகிக்கொள்கிறது. நாண் இழுக்க இழுக்க உத்தரத்தின் அடிப்பக்கம் அமுங்குகிறது. ரயில் போகும்போது இரும்பில் வரும் விசையின் ஏற்ற இறக்கம் குறையவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் இழுவிசையிலிருந்து அமுக்கத்தின் பக்கம் இறங்கிவிட்டது. விரிசல் வளர வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும். அமுக்கத்தில் இருக்கும் இரும்பில் அதற்கு வாய் திறக்க வழி இல்லை. வேண்டாம் என்றால் போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், பாலம் பழையபடியே இருக்கும்.

அந்தக் கட்டுரையைக் கப்பலில் இரவு ஷிஃப்ட் முடிந்து போனில் படித்தேன். படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிவெட் தலைகளின்மேல் பழைய பெயின்ட் பொருக்குத் தட்டி இருந்தது. அதற்குக் கீழே கறுப்புப் பட்டைகள் எதையும் தொடாமல் ஓடுகின்றன. 14 வருடமாக நான் சுரண்டியது, துடைத்தது, பனிநிலை அளந்தது, விரல் படாதே என்று கத்தியது எதுவுமே அங்கே வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. இதையும் சொல்ல வேண்டும்: வளைந்த குழாய்க்கோ கப்பல் தளத்துக்கோ இந்த வழி ஆகாது. அங்கே பசைதான், நாங்கள்தான்.

ஃபோர்மேன் அண்ணன் வேலையை விட்டுவிட்டு இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். படத்தை அவருக்கு அனுப்பினேன், பாதிக் கதையைப் பேசியும் அனுப்பினேன். மறுநாள் காலை அவர் குரல் வந்திருந்தது, பின்னால் யாரோ மட்டை இழுக்கும் சத்தம்.

“அப்ப பசையே இல்லையா? மழை வந்தா என்னப்பா பண்ணுவானுக?”

“மழை பெஞ்சாலும் வேலை நடக்கும்ணே” என்று அனுப்பினேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. சாயந்திரம் ஒரே வரி வந்தது. “அந்தக் கிளாம்பைத் தட்டிப் பாத்தானுகளான்னு கேளு.”